மூட்டை இருக்காரா?

எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் அக்காவை, முதல் தடவை பேசுகிறவர்கள் எல்லாரும் "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா திருத்த மாட்டார். "சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். பதினாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து "எந்த வார்டு?" என்று கேட்டுக் கேட்டுத்தான் தொண்டை இப்படிக் கரகரத்துப் போனதா, இல்லை பிறவிக் குரலே இதுதானா என்று ஒருநாள் கேட்டேன்.

"பொறந்தப்பவே, அழுத சத்தத்தை வெச்சு நர்சு பையன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறந்தான் துணியை விலக்கிப் பாத்திருக்காங்க" என்றார்.

அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா சொல்வதில் பாதி அந்த ரகம்.

மருத்துவமனையில் தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்து, போர்டும் அதன் முன்னால் இருந்த நாற்காலியும் போனபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அப்படித்தான் எங்களிடம் வந்தார். நாங்கள் வீடியோ கேம் செய்யும் கம்பெனி. கம்பெனி என்றால் ஏழு பேர். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், எந்நேரமும் ரப்பர் வாசம் அடிக்கும் மூன்று அறைகள். இருந்த ஒரே ஏசி கம்ப்யூட்டர்களுக்கு. கோடையில் ஏதாவது சாக்கு வைத்து ஆளுக்கு ஒரு தடவை அந்த அறைக்குள் போய் நின்றுவிட்டு வருவோம். ஓனருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கம்பெனி என்று இருந்தால் போன் எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு வரும். அதில் இரண்டு கீழே டயர் கடைக்கு. பின்சக்கரத்துக்கு எந்த டயர் நல்லது என்று ஒரே மாதத்தில் அக்கா கற்றுக்கொண்டுவிட்டார்.

வீட்டில் அவர் மூன்று சகோதரிகளில் நடு ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டோடு இருந்தார். தங்கை கணவருக்கு ஸ்கூட்டர் மெக்கானிக் வேலை. குடும்பத்தில் யார் யாரோடு மனஸ்தாபப்பட்டாலும் அக்காவுக்குத்தான் ஆள் வரும். இவர் போய் இரண்டு பேரையும் சிரிக்க வைத்து, சாப்பிட உட்கார வைத்துவிட்டுத் திரும்புவார். அலுவலகத்திலும் அதேதான். ஓனர் எரிந்து விழுந்த நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்காக நாங்கள் காத்திருப்போம். ஓனர் கதவைச் சாத்துவது மாதிரியே அக்கா டிபன் பாக்ஸைச் சாத்திக் காட்டுவார்.

நான் அங்கே கதை எழுதுகிறவன். எல்லாரும் என்னை 'கதை' என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த கேமில், விளையாடுகிறவர் ஒரு வீரனாக வேடம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஏழு சாவிகளைத் தேட வேண்டும். வழியில் துணைக்கு நான்கு பேர் சேர்வார்கள். வைத்தியம் தெரிந்த பெண், வில்லாளி, மந்திரவாதி ஆகிய மூவருக்கும் மாதக்கணக்கில் யோசித்து எழுதியிருந்தேன். எரிந்துபோன ஊர், தொலைந்த அண்ணன், பழைய பாவம் என்று ஆளுக்கொரு சொந்தக் கதை. விளையாடுகிறவர் விரும்பினால் அவர்களோடு போய் அந்தக் கதையை முடித்துவைக்கலாம். நான்காவது ஆள்தான் மூட்டை. வீரனின் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். நேர் தரையில் தடுக்கி விழுவான். எதிரிக்குத் தெரியாமல் பதுங்கும்போது தும்முவான். சண்டை தொடங்கியதும் முதலில் ஓடிப்போய், முடிந்ததும் முதலில் வந்து "முடிஞ்சுதா?" என்பான். அவனை நான் ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். சொந்த ஊர், பெற்றோர், ஆசை, பயம் என்று அதில் நான்கு கட்டங்கள். மூட்டையின் தாளில் நான்கையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, 'காமெடி' என்று எழுதியிருந்தேன்.

மூட்டைக்குக் குரல் கொடுக்க ஒரு நாடக நடிகரைப் பேசியிருந்தோம். அவர் ஒரு நாள் வந்தார். மறுநாள் வெளிநாடு போகும் நாடகக் குழுவோடு விமானம் ஏறிவிட்டார். நேர அளவு பார்ப்பதற்காவது யாராவது சும்மா படியுங்கள் என்று ஒலிப்பதிவுக்காரர் கெஞ்சினார். மற்றவர்கள் எல்லாரும் படித்துப் பார்த்து மானம் போய்த் திரும்பினோம். கடைசியில் அக்காவைக் கூப்பிட்டோம்.

ஒலிப்பதிவு அறை என்பது பழைய சாமான் அறைதான். சுவரெல்லாம் மெத்தை. மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்பதால் அணைத்துவிட வேண்டும். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பார்த்து, மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றார். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இன்னொரு முறை படிக்கச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆனால் அக்கா உடனே பேசிவிடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, இவன் எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்லக்கா. காமெடிதான்."

"வீட்ல யாரு இருக்கா?"

"அதெல்லாம் யோசிக்கலக்கா."

"பேராவது இருக்கா? மூட்டைன்னு பெத்தவங்களா வெச்சாங்க?"

"தூக்கிட்டு வர்றான்ல, அதனால எல்லாரும் அப்படிக் கூப்பிடறாங்க."

அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. "சரி, விழச் சொன்னா விழறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாளில் நானூறு வசனத்தையும் பேசி முடித்தார்.

கேம் வெளியே வந்தது. பிரமாதமாக விற்றது என்று சொல்ல முடியாது, பழுதில்லை. டிஸ்க் உறையின் பின்னால், கேம் ஓடாவிட்டால் கூப்பிடுங்கள் என்று எங்கள் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு சிறுமியின் குரல்.

"மூட்டை இருக்காரா?"

அக்கா ஒரு வினாடிதான் யோசித்தார். மூக்கை அடைத்துக்கொண்டார். "நான்தான். நீங்க யாரு, ராட்சசனா? ராட்சசன்னா நான் இல்லைன்னு சொல்லிடுங்க."

அந்தப் பக்கத்துச் சிரிப்பு என் மேஜை வரைக்கும் கேட்டது.

அந்தச் சிறுமி பள்ளி முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு வந்துகொண்டிருந்த இடத்தில் முப்பது வர ஆரம்பித்தது. வீரனைக் கேட்டு ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. எல்லாம் மூட்டைக்குத்தான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது? கல்யாணம் ஆகிவிட்டதா? இருட்டு என்றால் பயமா? எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார்? அக்கா சளைக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுச் சிறுமியிடம், மூட்டைக்கு இரண்டு தங்கைகள் என்று சொன்னார். அடுத்த வாரம் அவளுடைய தம்பியிடம், மூட்டை ஒரே பிள்ளை என்று சொல்லித் தொலைத்தார். "போன வாரம் வேற சொன்னீங்களே" என்று அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"நான் பொய் சொல்லி மாட்டிக்கிட்டா பரவால்ல தம்பி. அவன் விஷயத்துல மாட்டிக்கிட்டேன் பாரு, அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த நீளமான பதிவேடு ஒன்று அவரிடம் இருந்தது. அதில் தேதி போட்டு, கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் எழுத ஆரம்பித்தார். பிறகு சட்டென்று எதற்கும் பதில் சொல்வதில்லை. "கேட்டுச் சொல்றேன், நாளைக்குப் பண்ணுங்க" என்பார். யோசிப்பார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன் என்பார். சில நாள் என் மேஜைக்கு வருவார்.

"உங்க பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீங்கதானே பெத்தீங்க?"

"பெத்தேன். வளக்கலயே."

"அது சரி" என்று சொல்லிவிட்டுப் போய் அவரே எழுதிக்கொள்வார். தெரியாது என்று எழுதியிருந்ததாக ஞாபகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் துணிக்கடைக்காரர் கூப்பிட்டார். கடைக்காரர் இல்லை, கடையில் சட்டை மடித்து வைக்கும் வேலை. இருபத்தைந்து வயதிருக்கலாம். மதியம் கடை போனிலிருந்து பேசுவார். முதலில் இரண்டு மூன்று தடவை கேமில் மாட்டிக்கொண்ட இடங்களைத்தான் கேட்டார். ஒருநாள் அதெல்லாம் முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மூட்டைக்கு அழத் தெரியுமாங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க. நாங்க அஞ்சு பேரு சினிமாவுக்குப் போனா என்னை நடுவுல உக்கார வெப்பாங்க. நான் அடிக்கற கமென்ட்டு ரெண்டு பக்கமும் கேக்கணுமாம். போன மாசம் எங்கப்பா தவறிட்டாரு. எல்லாரும் வந்தாங்க. கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தாங்க. அப்புறம் ஒருத்தன், 'ஏதாவது சொல்லேன்டா, ரொம்ப அமைதியா இருக்கு'ன்னான்."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

"சொன்னீங்களா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை.

"சிரிச்சாங்களா?"

அதற்கும் கேட்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவனைக் கேட்டுச் சொல்றேன். நாளைக்கு இதே நேரம் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் மூடினார். சாயந்திரம் வரைக்கும் வந்த அழைப்புகளில் மூக்கை அடைத்துக்கொண்டு பேசினார், ஆனால் எங்களிடம் பேச்சே இல்லை.

மறுநாள் சரியாக அதே நேரத்துக்கு மணி அடித்தது. அக்காதான் பேசினார். நான் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"கேட்டேன். தெரியுமாம். ஆனா கையில சாமானை வெச்சுக்கிட்டு அழ வராதாம். யாராவது கொஞ்ச நேரம் அதை வாங்கிப் பிடிச்சுக்கணுமாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. அக்கா "ம்" என்றார். வெகுநேரம் "ம்" மட்டும்தான்.

மூட்டை மறுபடி வரும் அடுத்த கேமுக்கான வேலை தொடங்கியதும் அக்கா அந்தப் பதிவேட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அறுநூறுக்கு மேல் பதில்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு உட்கார்ந்தேன். மூட்டை ஆற்றங்கரை ஊரில் பிறந்தவன். ஆறு வயதில் ஒரு சந்தைக் கூட்டத்தில் தொலைந்தவன். பெட்டி தூக்கும் ஆட்களோடு சேர்ந்து வளர்ந்தவன். இரண்டு தங்கைகள் இருந்ததாக ஒரு நினைப்பு, நிச்சயமில்லை. முன்பு முரண்பட்டுப் போன பதிலை அக்கா இப்படி நேர்செய்திருந்தார். அம்மா கூப்பிட்ட பெயர் மறந்துவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட தொனி மட்டும் நினைவிருக்கிறது. ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மூட்டைக்கு ஒரு சொந்தக் கதை எழுதினேன். அவன் தன் பெயரைத் தேடிப் போகிறான். ஓனர் படித்துவிட்டுத் தாளை மேஜையில் போட்டார்.

"காமெடியனை அழ வெச்சா எவன் விளையாடுவான்? அதுவும் வீரன் மூட்டையைத் தூக்கணுமாமே? வீரன் தூக்குவானாய்யா?"

அந்தக் கதை தொடங்குவதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தேன். மூட்டையோடு பேசும்போது, 'குடு, நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேன்' என்று ஒரு வரி வரும். விளையாடுகிறவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் பரிசு எதுவும் கிடையாது. வீரனின் நடை வேகம் பாதியாகக் குறையும். எதற்கு இந்த வம்பு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெச்சுத்தான் பாருங்களேன் சார். யாரும் அதை அமுக்கலைன்னா இப்படி ஒரு கதை இருக்கறதே யாருக்கும் தெரியப்போறதில்ல. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஓனர் தாளை எடுத்து என்னிடம் நீட்டி, "வெச்சுத் தொலைங்க" என்றார்.

பதிவு நாள் வந்தது. மூட்டை அந்த ஆற்றங்கரைக்கு வருகிறான். வீடு இருந்த இடத்தில் வேறு வீடு. ஒரு படகோட்டிக்கு மட்டும் அவனை அடையாளம் தெரிகிறது. பெயரைக் காதோடு சொல்கிறார். படகோட்டி போன பிறகு மூட்டை தனியாக நின்று அழுகிறான். அவ்வளவுதான் காட்சி. அக்கா மெத்தை அறைக்குள் போய் நின்றார். வழக்கம்போல மூக்கை அடைக்கவில்லை. வெறும் கையோடு, தனக்குள் பேசுகிறவர் போல, தன் கரகரத்த குரலிலேயே பேசினார். அழும் இடத்தில் சத்தமே வரவில்லை. மூச்சு மட்டும் இரண்டு தடவை இடறியது.

ஒலிப்பதிவுக்காரர் மைக் பொத்தானை அழுத்தினார். "அக்கா, நல்லா இருக்கு, ஆனா குரல் மாறிடுச்சு. மூட்டைக் குரல்ல இன்னொன்னு எடுத்துக்கலாமா?"

"மாறல தம்பி. அது ஆளுங்க முன்னாடி பேசற குரல். இங்க அவன் தனியாத்தானே நிக்கறான்?"

இன்னொன்று எடுக்கவில்லை. கடைசி வசனம் ஒன்று பாக்கி இருந்தது. மூட்டை திரும்பி வந்ததும் வீரன், "பேர் கிடைச்சுதா?" என்று கேட்பான். மூட்டை சொல்ல வேண்டிய பெயரை நான் பத்து வகையாக எழுதி அடித்து, ஒன்றை வைத்திருந்தேன். அக்கா அதைப் படிக்கவே இல்லை. "கிடைச்சுது. நீங்க மூட்டைன்னே கூப்பிடுங்க, பழகிடுச்சு. எனக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மின்விசிறிக்கு அடியில் நின்று தண்ணீர் குடித்தார்.

"அப்ப அவன் பேரு என்னக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டயும் சொல்லல" என்றார்.

கேம் வந்த முதல் இரண்டு மாதம் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஓனர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்திக் காட்டுவார். பிறகு ஒரு பெண் கூப்பிட்டார். பஸ் ஓட்டுநராம். "அவன் பாவம், ரெண்டு கேமா தூக்கறானேன்னு வாங்கிக்கிட்டேன். அப்புறம் என்னென்னவோ ஆயிடுச்சுங்க" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்று, இரண்டு என்று வந்து, பிறகு வாயோடு வாயாகப் பரவியது.

அந்த நாட்களில் ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை கணவர் ஸ்கூட்டர் பாகம் எதையோ மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு, கை காயும் வரைக்கும் அந்தக் கேமை விளையாடிக்கொண்டிருந்தார். மூட்டை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தான். தங்கை உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய் நின்றது. ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"அக்கா, இது நீயா?"

"பின்ன? உன் வீட்டுக்காரரா?"

தங்கை சிரிக்கவில்லை. காட்சி முடியும்வரை நின்று கேட்டார். "உனக்கு ஏதாவது கஷ்டமாக்கா?"

"சீ, கதைத் தம்பி வந்திருக்காரு, சாப்பாடு போடுடி" என்றார் அக்கா. தங்கை உள்ளே போகவில்லை. சாப்பாட்டை அன்றைக்குத் தங்கை கணவர்தான் எடுத்து வைத்தார். அக்காவும் தங்கையும் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன. ஆனால் இரண்டு பேரும் என் கிழிந்த செருப்பைப் பார்த்துச் சிரித்தார்கள்.

துணிக்கடைக்காரர் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் நின்று, "மூட்டை சாரைப் பாக்கணும்" என்றார்.

"உக்காருங்க, நான்தான்" என்றார் அக்கா.

அந்த மனுஷன் நம்பவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். அக்கா மூக்கை அடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றார். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அக்கா எழுந்து அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் ஏசி அறைக்குள் போய்விட்டோம். அன்றைக்கு அங்கே எல்லாருக்கும் வேலை இருந்தது.

மூன்றாவது கேம் பாதியிலேயே நின்றுபோனது. மனிதர்கள் கையிலிருக்கும் போனிலேயே விளையாடப் பழகிவிட்டார்கள். எங்கள் டிஸ்க்குகள் கடை அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன. ஓனர் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, கம்பெனியை மூடப்போவதாகத் தரையைப் பார்த்தபடி சொன்னார். அக்காதான் எழுந்து, "விடுங்க சார், கீழ டயர் கடைல எனக்கு நல்ல பேரு இருக்கு" என்றார். உண்மையிலேயே அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தார். கல்லா மேஜைக்குப் பக்கத்தில், டயர் அடுக்குகளுக்கு நடுவில். நான் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாள்களை எழுதுகிறேன். அதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. அந்த ரப்பர் வாசம் எங்கேயாவது அடித்தால் மட்டும், காரணமே இல்லாமல் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

போன வருடம் ஒரு வேலையாகப் பழைய ஊருக்குப் போனபோது, பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டி, ரவிக்கையின் தோள் நனைந்திருந்தது. தோளில் ஒரு பிளாஸ்டிக் பை.

"என்னக்கா, மழையா?"

"நீச்சல் தம்பி. கத்துக்கறேன். மூணு மாசமாச்சு. இன்னும் தலையை உள்ள விட முடியல. சொல்லிக் குடுக்கற பொண்ணுக்கு எம்மேல பயங்கரக் கோபம்."

"இந்த வயசுலயா?"

"பின்ன, அடுத்த ஜென்மத்துலயா கத்துக்குவாங்க?" என்று சிரித்தார். அப்புறம் அந்தக் கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார். "ஆனா மல்லாந்து மிதக்கறப்ப, தண்ணிக்குள்ள காது மூழ்கினதும் ஒரு சத்தமும் இல்ல தம்பி. யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். அவ்வளவு நல்லா இருக்கு."

அவருடைய பஸ் வந்துவிட்டது. ஈரக் கால்தடம் பதியப் பதியப் படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.